ரீஜெனரேட்டர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

நீங்கள் கேட்டது இதுதான்: போக்கிமான் விளையாட்டில் ஸ்லோப்ரோ என்ற போக்கிமானுக்கு ஸ்லாக் ஆஃப் என்ற மூவ் இருக்கிறது, ஒரு டர்னில் (ஒரு சுற்றில்) பாதி ஹெச்பி (உயிர்ப் புள்ளி) திரும்பி வந்துவிடுகிறது. ரீஜெனரேட்டர் என்ற அபிலிட்டியோ (மூவ் போடாமலே வேலை செய்யும் இயல்பான திறன்) மூன்றில் ஒரு பங்குதான் தருகிறது, அதுவும் களத்தைவிட்டு வெளியே போனால்தான். அப்புறம் ஏன் ஆன்லைனில் ஆடுகிற எல்லோரும் அதைக் கட்டாயம் என்கிறார்கள்? எதிரணியில் அது இரண்டு பேரிடம் இருந்தால் எப்படி உடைப்பது? கதை விளையாட்டை முடித்துவிட்டு இப்போதுதான் ரேங்க்டு (தரவரிசைப் போட்டி) பக்கம் வந்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் தவறு இல்லை, பாதி என்பது மூன்றில் ஒன்றைவிடப் பெரியதுதான். ஆனால் நீங்கள் அளப்பது ஹெச்பியை. போட்டி ஆட்டத்தில் உண்மையில் செலவாகிற பொருள் டர்ன். கேள்வியை அந்தப் பக்கமாகத் திருப்பிவைத்தால் விடை தெரிந்துவிடும்.

நான் ஐந்தாம் தலைமுறைக் காலத்திலிருந்து பெரும்பாலும் ஒற்றையர் ஆட்டம் ஆடுகிறவன், ஸ்மோகன் என்ற ரசிகர் தளத்தின் விதிகளில், ஷோடவுன் என்ற ஆன்லைன் சிமுலேட்டரில். மற்றவர்களுக்கு அணி கட்டிக் கொடுப்பதும் உண்டு. அதனால் கீழே சொல்வதில் ஒற்றையர் ஆட்டம் பற்றியதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டையர் பற்றி வரும் இடத்தில் அது பார்த்துத் தெரிந்துகொண்டவனின் கருத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ரீஜெனரேட்டர் 2010இல் ஐந்தாம் தலைமுறையின் பிளாக், ஒயிட் விளையாட்டுகளோடு வந்தது. அந்த அபிலிட்டி உள்ள போக்கிமான் உயிரோடு களத்தைவிட்டு வெளியேறும் கணத்தில் அதன் முழு ஹெச்பியில் மூன்றில் ஒரு பங்கு சேரும், பின்னம் வந்தால் கீழே தள்ளிவிடுவார்கள். நீங்களே ஸ்விட்ச் செய்தாலும் சரி, யு-டர்ன், டெலிபோர்ட் மாதிரி மூவ் போட்டு வெளியேறினாலும் சரி, எதிராளி ரோர் போட்டுத் துரத்தினாலும் சரி, வேலை செய்யும். திரையில் எந்த அறிவிப்பும் வராது. அடுத்த முறை அது உள்ளே வரும்போது ஹெச்பி பட்டை நீண்டிருப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எதிராளியின் போக்கிமான் வெளியே போகும்போது எவ்வளவு இருந்தது என்று கவனிக்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள், மியென்ஷாவ் மாதிரி இரண்டு மூன்று அபிலிட்டியில் எது என்று தெரியாத எதிரிகளிடம் இது உடனே உதவும். தூக்கம், தீக்காயம், விஷம் எதையும் இது குணப்படுத்தாது. அதற்கு நேச்சுரல் க்யூர் என்று வேறொரு அபிலிட்டி இருக்கிறது. நச்சுவாயு பரப்பும் வீசிங்கின் நியூட்ரலைசிங் கேஸ் களத்தில் இருக்கும்போது ரீஜெனரேட்டர் அணைந்துவிடும். காஸ்ட்ரோ ஆசிட் போட்டு அபிலிட்டியை முடக்கினாலும் அப்படித்தான்.

இப்போது ஸ்லாக் ஆஃபோடு ஒப்பிடுவோம். உங்கள் ஸ்லோப்ரோ எதிராளியின் நெருப்பு டைப் தாக்குதல்காரனுக்கு எதிராக உள்ளே வருகிறது, வரும்போதே 30 சதவீதம் அடி வாங்குகிறது. எதிராளிக்கு ஸ்லோப்ரோவின் தண்ணீர்த் தாக்குதல் பயம், அடுத்த டர்னில் அவர் ஆளை மாற்றப்போகிறார். அந்த ஒரு டர்ன் உங்களுக்குக் கிடைத்த பரிசு. ஸ்லாக் ஆஃப் மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பரிசை உடம்பைச் சரிசெய்யவே செலவழிக்க வேண்டும். எதிராளியின் புதிய ஆள் எந்தச் சேதமும் இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார், ஆட்டம் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும். ரீஜெனரேட்டர் இருந்தால் அந்த டர்னில் எதிரியை முடக்கும் தண்டர் வேவ் போடலாம், இரண்டு டர்ன் கழித்து விழும் ஃப்யூச்சர் சைட் அடியைப் போடலாம், சர்ஃபால் அடிக்கலாம். வேலையை முடித்துவிட்டு அடுத்த டர்னில் வெளியேறினால் 30 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது. எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள் என்ற ஸ்விட்ச்சோடு குணமும் சேர்ந்து வருகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் சாதகமில்லாத எதிரி வந்தால் ஆளை மாற்றுவது அன்றாட வேலை. அந்த அன்றாட வேலைக்கு ஹெச்பியாகக் கூலி கொடுக்கிற ஒரே அபிலிட்டி இது என்றே சொல்வேன்.

தானே குணமாகும் அபிலிட்டிகள் வேறு நிறைய உண்டு. ரெயின் டிஷ் மழையில் டர்னுக்கு 16இல் ஒரு பங்கு தரும், ஐஸ் பாடி பனியில் அதே அளவு தரும். ட்ரை ஸ்கின் மழையில் 8இல் ஒன்று தந்துவிட்டு வெயிலில் அதையே பிடுங்கிக்கொள்ளும். வாட்டர் அப்சார்ப் எதிராளி தண்ணீரால் அடித்தால் கால் பங்கு தரும், ஆனால் தெரிந்தவர் யார் அடிப்பார்கள்? இவை எல்லாம் வானிலையையோ எதிராளியின் கவனக்குறைவையோ நம்பியிருப்பவை. ரீஜெனரேட்டருக்கு உங்கள் முடிவு ஒன்று போதும். இதற்கு நிகராக நான் மதிப்பது விஷம் ஏறியிருந்தால் குணமாக்கும் பாய்சன் ஹீல் மட்டும்தான். தனக்கே விஷம் ஏற்றும் டாக்ஸிக் ஆர்ப் பிடித்த க்ளிஸ்கார் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் 8இல் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, ப்ரொடெக்ட் போட்டுக்கொண்டு நகரவே மாட்டேன் என்று நிற்கும். அது களத்தில் நிற்பவனுக்கான குணம், ரீஜெனரேட்டர் வந்து போகிறவனுக்கானது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இன்னும் இரண்டு விஷயம் ஸ்லாக் ஆஃபில் கிடையாது. ஒன்று, டான்ட். எதிராளி டான்ட் போட்டால் ரெகவர், ரூஸ்ட், ஸ்லாக் ஆஃப் எதுவும் போட முடியாது. ரீஜெனரேட்டரை டான்ட் தொடவே தொடாது. இரண்டாவது, பிபி, அதாவது ஒரு மூவை எத்தனை தடவை போடலாம் என்ற எண்ணிக்கை. ஒன்பதாம் தலைமுறையில் ரெகவர், ரூஸ்ட், ஸ்லாக் ஆஃப் ஆகியவற்றின் பிபியை 10இலிருந்து 5ஆகக் குறைத்தார்கள். பிபி அப் எல்லாம் கொடுத்து ஏற்றினாலும் 8 தடவைதான், முன்பு 16. நீண்ட ஆட்டத்தில் இந்தக் குறைவு நன்றாகவே உறைக்கும். அபிலிட்டிக்கு எண்ணிக்கை கிடையாது. ஆக, அந்த ஒரு மாற்றம் குணப்படுத்தும் மூவ்களைப் பலவீனமாக்கியபோது ரீஜெனரேட்டரின் மதிப்பைத் தானாக உயர்த்திவிட்டது.

அசால்ட் வெஸ்ட் அணிந்த டாங்ரோத் இதற்கு அருமையான உதாரணம். ஆறாம் தலைமுறையில் வந்த அந்தச் சட்டை ஸ்பெஷல் டிஃபென்ஸை ஒன்றரை மடங்காக்கும். பதிலுக்கு, தாக்காத மூவ் எதையும் போட விடாது. குணப்படுத்தும் மூவும் அதில் அடக்கம். சாதாரணமாக ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு இது தற்கொலை. டாங்ரோத்துக்கோ நான்கு மூவும் தாக்குதலாக இருந்தும் ஆட்டம் முழுக்க உடம்பு தேறிக்கொண்டே இருக்கும், காரணம் ரீஜெனரேட்டர். அதன் பேஸ் டிஃபென்ஸ் (அந்த இனத்துக்கே உரிய அடிப்படைத் தற்காப்பு எண்) 125, ஸ்பெஷல் டிஃபென்ஸ் வெறும் 50. அந்த ஓட்டையைச் சட்டை அடைத்துவிடும், சட்டை பறித்த குணத்தை அபிலிட்டி கொடுத்துவிடும். காலார் ஸ்லோகிங்கிலும் பலர் இதே ஏற்பாட்டைச் செய்கிறார்கள்.

தடுப்பாட்டத்துக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடாதீர்கள். அடியைப் பலமாக்கும் லைஃப் ஆர்ப் பிடித்த மியென்ஷாவ் ஒவ்வொரு அடிக்கும் தன் ஹெச்பியில் 10 சதவீதம் இழக்கும். யு-டர்னால் வெளியேறும்போது 33 திரும்ப வரும். அதாவது மூன்று அடிக்கான விலை ஒரே வெளியேற்றத்தில் அடைபட்டுவிடுகிறது. டொர்நேடஸின் தெரியன் வடிவம் இன்னும் மோசமான ஆள்: பேஸ் வேகம் 121, மழையில் தவறாத ஹரிகேன், யு-டர்ன், கூடவே இந்த அபிலிட்டி. ஐந்தாம் தலைமுறையில் ஸ்மோகனின் முக்கியப் பிரிவான ஓயுவில் அதைத் தடைசெய்யவே வேண்டியிருந்தது. ஒன்பதாம் தலைமுறையில் சைக்ளிசார் செய்த குழப்பம் இன்னும் சுத்தமான பாடம். ஷெட் டெயில் என்ற மூவ் பாதி ஹெச்பியை வாங்கிக்கொண்டு, அடுத்து வரும் ஆளுக்கு சப்ஸ்டிட்யூட் கவசம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வெளியேறும். பாதி என்பது நியாயமான விலைதான். ஆனால் சைக்ளிசாரின் மறை அபிலிட்டி, அதாவது சாதாரணமாகப் பிடித்ததில் இருக்காத அபிலிட்டி, ரீஜெனரேட்டர். வெளியேறும்போதே மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுவதால் உண்மையான விலை ஆறில் ஒரு பங்குதான், ஏறக்குறைய 17 சதவீதம். ஸ்மோகன் முதலில் சைக்ளிசாரைத் தடைசெய்தது, பிறகு அந்த மூவையே தடைசெய்துவிட்டு சைக்ளிசாரை விட்டுவிட்டது. சரியான முடிவு என்பது என் எண்ணம். குற்றம் அபிலிட்டியில் இல்லை, வெளியேறுவதையே பரிசாகக் கொடுக்கும் ஒரு மூவோடு அது சேர்ந்ததில் இருந்தது.

சரி, இதற்கு விலையே கிடையாதா? உண்டு, அதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. ஸ்லோப்ரோ வெளியே போகும்போது அந்த டர்னில் எதிராளி அடிக்கும் அடியை வேறொருவன் வாங்குகிறான். ஸ்லோப்ரோவின் மூன்றில் ஒரு பங்கு அந்த நண்பனின் உடம்பிலிருந்து வந்தது என்றே கொள்ளலாம். அந்த நண்பனுக்கு 40 சதவீதம் போய்விட்டால் அணிக்கு மொத்தத்தில் நஷ்டம்தான். அதனால்தான் அனுபவசாலிகள் ரீஜெனரேட்டரைத் தனியாக வைப்பதில்லை, இரண்டு பேரை ஜோடியாக வைக்கிறார்கள். நெருப்பும் சண்டையும் வந்தால் ஸ்லோப்ரோ, மின்சாரமும் புல்லும் வந்தால் அமூங்கஸ் அல்லது டாங்ரோத். ஒருவர் அடி வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போது மற்றவர் வெளியே போய்த் தேறிக்கொள்கிறார், அடுத்த முறை நேர்மாறாக. எதிராளி இரண்டு பேரையும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருப்பார், பத்து டர்ன் கழித்துப் பார்த்தால் இருவரும் முழுசாக இருப்பார்கள். நீங்கள் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டது இந்த ஜோடியைப் பற்றித்தான்.

உடைப்பதற்கு வருவோம். அதிகமாக அடிப்பது தீர்வில்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முறை உள்ளே வந்துபோவதற்கு எதிராளிக்கு ஆகும் செலவு 33 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அவர் காலம் முழுக்க வந்து போகலாம். உங்கள் வேலை அந்தச் செலவை 33க்கு மேலே தள்ளுவது. இதற்கு மிக நம்பகமான கருவி களத்தில் விரிக்கும் கண்ணிகள், அதாவது உள்ளே வருகிறவரைக் குத்தும் ஸ்டெல்த் ராக், ஸ்பைக்ஸ் மாதிரி மூவ்கள். எண்ணில் பார்க்கலாம். லெவல் 100இல் ஹெச்பிக்கு முழுப் பயிற்சி கொடுத்த ஸ்லோப்ரோவுக்கு 394 ஹெச்பி. ரீஜெனரேட்டர் தருவது 131. ஸ்டெல்த் ராக் மட்டும் இருந்தால் உள்ளே வரும்போது 49 போகும், இன்னும் 82 லாபத்தில் இருக்கிறது. அதோடு மூன்று அடுக்கு ஸ்பைக்ஸும் இருந்தால் இன்னொரு 98 போகும். மொத்தம் 147. இப்போது ஒரு அடிகூட வாங்காமல் வெறுமனே வந்துபோனாலே 16 நஷ்டம். ஒவ்வொரு வரவுக்கும் சுங்கச்சாவடி வைத்த மாதிரி. ஹோ-ஓவுக்கு இந்த அபிலிட்டி மறை அபிலிட்டியாக இருந்தும் பல காலம் அது தவித்ததற்குக் காரணம் இதுவே: நெருப்பும் பறவையும் சேர்ந்த டைப் என்பதால் ஸ்டெல்த் ராக் ஒன்றே அதன் பாதி உயிரை எடுத்துவிடும், மூன்றில் ஒன்று திரும்ப வந்து என்ன பயன்?

ஆனால் 2019இல் ஸ்வோர்ட், ஷீல்டு விளையாட்டுகளோடு ஹெவி-டியூட்டி பூட்ஸ் வந்தது. அதை அணிந்தவரைக் கண்ணிகள் எதுவும் தொடாது. ரீஜெனரேட்டரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்று நினைக்கிறேன். சுங்கத்தை ஒரு ஜோடி பூட்ஸ் ரத்து செய்துவிட்டது. அதனால் இன்றைக்கு உடைப்பது என்றால் இரண்டு படி: முதலில் நாக் ஆஃப் போட்டு பூட்ஸைக் கழற்று, பிறகு கண்ணிகளை வேலை செய்ய விடு. ஆறாம் தலைமுறையில் நாக் ஆஃபின் பலத்தை 20இலிருந்து 65ஆக உயர்த்தி, எதிரியிடம் பொருள் இருந்தால் ஒன்றரை மடங்கும் கொடுத்தார்கள். ஸ்லோப்ரோ சைக்கிக் டைப் வேறு, டார்க் டைப்பான நாக் ஆஃப் அதற்கு இரட்டிப்பு வலி. ஜோடியில் இருவரிடமும் ஒரே டர்னில் பூட்ஸைக் கழற்ற முடியாது என்பது தெரிந்ததே. யாரை முதலில் என்று முடிவு செய்யுங்கள்: உங்கள் முக்கியத் தாக்குதல்காரனைத் தடுக்கிறவன் யாரோ அவனை.

இரண்டாவது வழி, வெளியேற விடாமல் பிடிப்பது. முன்பு இதற்கு பர்ஸ்யூட் இருந்தது. எதிரி ஸ்விட்ச் செய்யும் கணத்தில் இரட்டிப்பு பலத்தோடு, 80ஆக, அடிக்கும் டார்க் டைப் மூவ். டைரானிடார் வைத்திருப்பவர் எதிரில் ஸ்லோப்ரோ நின்றால் இருந்தாலும் அடி, போனாலும் அடி. எட்டாம் தலைமுறையில் அந்த மூவை எடுத்துவிட்டார்கள். அதே சமயத்தில் பூட்ஸ் வந்தது, டெலிபோர்ட் களத்தைவிட்டு வெளியேறும் மூவாகிப் போட்டி ஆட்டத்துக்குள் நுழைந்தது, 2020இல் காலார் ஸ்லோப்ரோவும் காலார் ஸ்லோகிங்கும் வந்தன. ஸ்லோகிங் குடும்பம் அந்தத் தலைமுறையில் எங்கு திரும்பினாலும் தென்பட்டதற்குக் காரணம் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததே. ஃப்யூச்சர் சைட் போடு, டெலிபோர்ட்டில் கடைசியாக நகர்ந்து அடியைத் தானே வாங்கிக்கொள், பலமான ஆளைப் பத்திரமாக உள்ளே கொண்டுவா, வெளியே போகும்போது வாங்கிய அடியில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள். எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த சுழற்சிகளில் இதுவும் ஒன்று. ஒன்பதாம் தலைமுறையில் ஸ்லோகிங்குக்கு சில்லி ரிசெப்ஷன் என்ற மூவ் அதே வேலையைப் பனியோடு செய்கிறது.

மூன்றாவது வழிதான் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது. ரீஜெனரேட்டர் களத்தில் நிற்கும்போது எதுவும் தராது. ஆகவே குணமாக வேண்டும் என்றால் அவர் போயே தீர வேண்டும், எப்போது போவார் என்று ஊகிப்பது எளிது. ஸ்லோப்ரோ 40 சதவீதத்தில் நின்றால் அடுத்த டர்னில் அமூங்கஸ்தான் வரும் என்று உங்களுக்கும் தெரியும். அப்போது ஸ்லோப்ரோவை அடிக்காதீர்கள், அமூங்கஸுக்கு வலிக்கிற மூவை இப்போதே போடுங்கள். இன்னும் நல்லது, அந்த டர்னில் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ், நாஸ்டி ப்ளாட் மாதிரி பலம் ஏற்றிக்கொள்ளுங்கள். அடி இரட்டிப்பானதும் 33 சதவீதம் என்ற எண்ணுக்கே பொருள் இல்லை, ஒரே அடியில் விழுந்தவன் தேற மாட்டான். ஒரு எச்சரிக்கை: டாக்ஸபெக்ஸ் இருந்தால் ஹேஸ் போட்டு ஏற்றிய பலத்தை எல்லாம் துடைத்துவிடும். டிஃபென்ஸ் 152, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 142 உள்ள அந்த முள் நட்சத்திரத்துக்கு எதிராக பலம் ஏற்றும் திட்டம் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

விஷம் வைத்து உடைக்கலாமே என்று தோன்றும். பாதி உண்மை. டாக்ஸிக் விஷம் டர்னுக்கு டர்ன் 16இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போவதுதான் அதன் பயங்கரம். வெளியே போய்விட்டு வந்தால் அந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். வந்து போவதையே தொழிலாக வைத்திருப்பவனிடம் அது ஒன்றில், இரண்டில் நின்றுவிடும். நிற்கும் தடுப்பாட்டக்காரனைக் கொல்லும் அளவுக்கு இது ரீஜெனரேட்டர்காரனைக் கொல்லாது. அமூங்கஸும் டாக்ஸபெக்ஸும் விஷ டைப், அவர்களுக்கு விஷமே ஏறாது.

இந்த வந்துபோகிறவன், நிற்கிறவன் வேறுபாட்டுக்கு ரியூனிக்ளஸ் நல்ல சாட்சி. அதற்கு மறை அபிலிட்டியாக ரீஜெனரேட்டர் கிடைக்கும், ஆனாலும் பெரும்பாலானோர் நேரடி அடி தவிர வேறு சேதம் எதையும் அண்ட விடாத மேஜிக் கார்டையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது காம் மைண்ட் ஏற்றிக்கொண்டு, ரெகவர் போட்டுக்கொண்டு களத்திலேயே நின்று ஆட்டத்தை முடிக்கிற ஆள். வெளியே போனால் ஏற்றிய பலம் எல்லாம் வீண். போகாதவனுக்கு, போகும்போது கிடைக்கும் பரிசு எதற்கு? அதனால் யாராவது ரீஜெனரேட்டர் எப்போதும் சிறந்தது என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போக்கிமான் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை வெளியேறும் என்று முதலில் கேளுங்கள். ஒரு முறைதான் என்றால் இந்த அபிலிட்டி ஒரு முறை ஹெச்பி தரும் நல்ல பழம் அளவுக்குத்தான் உதவும்.

அலோமோமோலாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அபிலிட்டியால் தன்னையும் மூவால் மற்றவர்களையும் தேற்றுகிறது. பேஸ் ஹெச்பி 165, முழுப் பயிற்சியில் 534. அது போடும் விஷ் (Wish) என்ற மூவ் அடுத்த டர்ன் முடிவில் அந்த இடத்தில் நிற்பவருக்கு 267 தரும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து விஷ், போட்டவரின் முழு ஹெச்பியில் பாதியைக் கணக்கில் எடுக்கிறது. 304 ஹெச்பி உள்ள டாக்ஸபெக்ஸ் அதைப் பெற்றால் கிட்டத்தட்ட 88 சதவீதம். விஷ் போட்டுவிட்டு வெளியே வரும்போது அலோமோமோலா தனக்கு 178 எடுத்துக்கொள்ளும். மற்ற விஷ் போடுகிறவர்கள் தங்களுக்கா நண்பனுக்கா என்று தினமும் தவிப்பார்கள், இதற்கு அந்தத் தவிப்பு இல்லை. சுலபமாக ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான்.

இந்த அபிலிட்டி யார் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் விளையாட்டைச் செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை என்பது தெரியும். ஸ்லோபோக்கின் வால் அறுந்தாலும் வளரும், விளையாட்டில் வரும் ஜோட்டோ பகுதியின் ஸ்லோபோக் கிணற்றில் ராக்கெட் கும்பல் வாலை அறுத்து விற்கிற கதை அதை வைத்துத்தான். கோர்சோலாவின் பவளக் கிளை உடைந்தாலும் முளைக்கும், டாங்ரோத்தின் கொடிக் கை போனாலும் வளரும். டாக்ஸபெக்ஸ் நட்சத்திர மீனை ஒட்டிய உருவம், நிஜ நட்சத்திர மீன்களும் இழந்த கையை வளர்த்துக்கொள்பவை. போட்டிக்கு இதனால் ஒன்றும் இல்லை, ஆனால் அணியில் யாருக்கு இது இருக்கும் என்று நினைவில் வைக்க எனக்கு உதவியிருக்கிறது.

இரட்டையர் ஆட்டத்துக்கு நான் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஆறு பேரில் நான்கு பேரைத்தான் இறக்குவார்கள், ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், இரண்டு எதிரிகள் ஒருவனையே குறிவைத்தால் முழு ஹெச்பியும் ஒரே டர்னில் போகும். வந்துபோகும் சுழற்சிக்கு அங்கே நேரம் குறைவு. ஆனாலும் அமூங்கஸ் அங்கே ரேஜ் பவுடர் போட்டு அடிகளைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, ஸ்போரால் தூங்கவைத்து, தேவைப்பட்டால் ஒரு முறை வெளியே போய் மூன்றில் ஒரு பங்கோடு திரும்பி வருவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. ஒரே ஒரு தடவை கிடைத்தாலும் அங்கே அது பெரிய தொகை என்பது என் ஊகம். பக்கத்தில் இன்னொருவன் அந்த டர்னில் வேலை செய்துகொண்டிருப்பதால் ஸ்விட்ச்சின் விலையும் பாதிதான். இதை இரட்டையரிலேயே ஊறியவர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இது அளவுக்கு மீறிய பலமா என்ற விவாதம் அடிக்கடி வரும். அதில் என் நிலைப்பாடு உறுதியானது இல்லை. பூட்ஸ் இல்லாத தலைமுறைகளில் கண்ணிகள் இதைக் கட்டுக்குள் வைத்திருந்தன, பர்ஸ்யூட்டும் துணைக்கு இருந்தது. இரண்டும் பலமிழந்த பிறகு தராசு ரீஜெனரேட்டர் பக்கம் சாய்ந்தது என்பதுவரை தயங்காமல் சொல்வேன். அதற்காக அபிலிட்டியைக் குறைக்க வேண்டுமா, பூட்ஸைக் குறைக்க வேண்டுமா என்றால் நான் பூட்ஸைக் கைகாட்டுவேன். எதிர்க்கருத்து உள்ளவர்கள் நிறைய, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: பூட்ஸ் இல்லாவிட்டால் நெருப்பு, பறவை, பூச்சி டைப்கள் பாதி மீண்டும் ஓரமாகிவிடும்.

உங்கள் ஸ்லோப்ரோவுக்கு என்ன செய்வது? அதற்கு இது மறை அபிலிட்டி, சாதாரணமாகப் பிடித்ததில் இருக்காது. ஸ்கார்லெட், வயலெட்டில் 6 நட்சத்திர டெரா ரெய்டுகளில் அபிலிட்டி பேட்ச் கிடைக்கும், அதைக் கொடுத்தால் மாறிவிடும். பூட்ஸ் அணியவையுங்கள். சர்ஃப், ஃப்யூச்சர் சைட், தண்டர் வேவ், ஸ்லாக் ஆஃப் என்று நான்கு மூவ் கொடுங்கள். ஆமாம், ஸ்லாக் ஆஃபையும் விட்டுவிடாதீர்கள். வெளியே போக முடியாத நேரம் வரும், உங்கள் அணியில் கடைசி ஆளாக அதுவே மிஞ்சும் நேரமும் வரும், அப்போது ரீஜெனரேட்டரால் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. மற்ற நேரமெல்லாம் அந்த மூவைத் தொடாமல் ஆடிப் பாருங்கள். அடி வாங்கி உள்ளே வந்ததும் கை தானாக ஸ்லாக் ஆஃப் பக்கம் போகும், அந்த இடத்தில் தண்டர் வேவ் போட்டுவிட்டு வெளியேறுங்கள். அப்புறம் ஒரு துணை: எதிராளி ஸ்லோப்ரோவைப் பார்த்து இறக்குவது புல், மின்சாரம், டார்க் டைப்களைத்தான். முதல் இரண்டுக்கும் அமூங்கஸ் போதும், டார்க் டைப்புக்கு மட்டும் வேறொரு ஆள் வேண்டும், உங்கள் மற்ற நான்கு பேர் யார் என்று சொன்னால் அதையும் பார்க்கலாம்.